சுரை கழலாமற் காத்த கம்பி



ஆகாய விமானத்தின் வரலாற்றைக் கூறப் புகுவோர் விமானிகளின் துணிவையும், அவர்கள் கடந்த கடல்களின் பரப்பையும், எட்டிய உயரங்களையுமே பெரும்பாலும் எடுத்துரைப்பர். இன்று நான் கூற எடுத்துக்கொண்டது அவ்வரலாற்றின் மிகச் சிறிய உறுப்பொன்றின் கதையாகும். அது ஒரு கம்பி. அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் முப்பத்திரண்டு பங்கு தடிப்பே உடைய, துருவேறாத உருக்குக் கம்பி. மில்லிமீற்றர்க் கணக்கிற் சொன்னால் முழுதாக ஒன்று கூட இல்லை. சிறு விமானத்தின் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பவர், திருகுகளின் தலைகளை இணைத்து முறுக்கிவிடப்பட்டிருக்கும் இக்கம்பியைப் பல இடங்களிற் காண்பார். எண்ணெயும் நீரும் ஓடும் இறப்பர்க் குழாய்களைப் பற்றியிருக்கும் பட்டிகளிலும் இது கட்டப்பட்டிருப்பதுண்டு. தொழிற்சாலைகளில் இதனை 'லொக் வயர்' என்பர். நாம் காவற்கம்பி என்போம்.

நமது தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரத்தை அறியாதார் இலர். அதன் வாயிலே மாட்டிய இறப்பர்க் குழாயைக் கம்பியாலோ 'கிளிப்பு' எனப்படும் பட்டியாலோ இறுக்கி வைப்பர். இயந்திரம் நெடுநேரம் அதிர்ந்து ஓடியபின் அப்பட்டி தளர்ந்து குழாய் கழன்றுவிடுதலும் உண்டு. நீர் பீறிட்டு எழும். தோட்டக்காரர் ஓடிச்சென்று இயந்திரத்தை நிறுத்துவார். குழாயை மாட்டி மீண்டும் இறுக்குவார். அவருக்கு நேர்ந்த இழப்புச் சில வாளி நீரும் சிறிது நேரமுமே. இதே குழாய் மூவாயிரம் அடி உயரத்திற் கழன்றால் என்னாகும்? அங்கே இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்க இடமில்லை. இந்த வேறுபாடே காவற்கம்பியின் வரலாற்றுக்கு வித்தாகும்.

உருவிற் சிறியதை எள்ளுதல் தகாது என்பதற்கு வள்ளுவப் பெருந்தகை தேரின் அச்சாணியை உவமையாக எடுத்தார். அச்சாணி தேரை இழுப்பதில்லை; அதன் பாரத்தைச் சுமப்பதுமில்லை. சில்லு அச்சைவிட்டு வெளியேறாதபடி வாயிலிற் காவல் நிற்பதே அதன் தொழில். காவற்கம்பியும் அத்தகையதே. அது எதனையும் இறுக்குவதில்லை. ஒருவர் கையால் இறுக்கியது இறுகியவாறே நிற்கும்படி பார்த்துக்கொள்கிறது.

இறுக்கிய சுரை ஏன் தானாகக் கழல்கிறது? திருகாணியில் ஒரு சுரையை இறுக்கும்போது ஆணியின் தண்டு கண்ணுக்குப் புலப்படாத அளவு நீள்கிறது. நீண்ட தண்டு மீண்டும் சுருங்க முயல்வதனால் உண்டாகும் இழுவையும், புரிகளுக்கிடையே எழும் உராய்வுமே சுரையைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதிர்வு இந்த உராய்வைக் கணப்பொழுது இல்லாமற் செய்கிறது. அக்கணத்திற் சுரை மயிரிழையளவு பின்னோக்கித் திரும்புகிறது. ஆயிரம் மயிரிழை சேர்ந்தால் ஒரு சுற்று ஆகிவிடும் அன்றோ? நிமிடத்துக்கு 2,400 முறை சுழலும் நான்கு உருளை இயந்திரமொன்றில் ஒவ்வொரு செக்கனிலும் எண்பது வெடிப்புகள் நிகழ்கின்றன. ஒரு மணிநேரப் பறப்பில் அவை இரண்டு இலட்சத்து எண்பத்தெண்ணாயிரம் ஆகும். ஆணியின் நீளப்பாங்கில் உண்டாகும் அதிர்வைவிடக் குறுக்கே அசைக்கும் அதிர்வே சுரையை விரைவிற் கழற்றுகிறது என்பதனைச் சோதனை வாயிலாகத் தெளிவாக்கியவர் ஜெர்மானியப் பொறியியலாளர் ஜுங்கர் என்பவர். அவர் தம் ஆய்வை வெளியிட்டது 1969ஆம் ஆண்டிலேயாகும். ஆயின், காரணத்தை முற்றாக அறியுமுன்னரே கம்மியர் பரிகாரத்தைக் கண்டுவிட்டனர். தொழில் முன்னே செல்ல, கலை பின்னே வந்து விளக்கஞ் சொல்லுதல் வரலாற்றிற் பலகாலும் நிகழ்வதே.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1903ஆம் ஆண்டு நவம்பர் மாதம். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலே, கிற்றி ஹோக் என்னும் ஊருக்கு அணித்தான மணற்குன்றுகளில், வில்பர் றைற், ஓவில் றைற் என்னும் சகோதரர் இருவரும் தம் விமானத்தைப் பறக்கவிட ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தனர். அதன் இயந்திரம் ஏறக்குறையப் பன்னிரண்டு பரிவலு உடையது, நீராற் குளிர்விக்கப்பட்டது. டேற்றன் நகரில் அவர்களது சைக்கிள் தொழிலகத்தில் வேலைசெய்த சாள்ஸ் ரெயிலர் என்னும் கம்மியர் அதனை ஆறு வாரத்திற் செய்து முடித்திருந்தார். நவம்பர் 5ஆம் நாள் இயந்திரத்தை முடுக்கியபோது அது ஒழுங்கின்றி அதிர்ந்தது. சங்கிலி பூட்டிய பற்சில்லுகள் தளர்ந்தன. உந்துவிசிறிகளின் தண்டுகள் பழுதடைந்தன. தண்டுகள் டேற்றனுக்கு அனுப்பப்பட்டுத் திருத்தப்பெற்றுத் திரும்பி வந்தன. மீண்டும் முடுக்கினர். பற்சில்லுகளைப் பிடித்திருந்த சுரைகள் மீண்டும் தளர்ந்தன. எவ்வளவு இறுக்கியும் அவை நிற்கவில்லை.

அப்பொழுது அச்சகோதரருக்குக் கைகொடுத்தது அவர்களது பழைய தொழிலே. சைக்கிள் றயரைச் சில்லின் வளையத்தோடு ஒட்டுவதற்குப் பயன்படும் பசையை உருக்கிப் புரிகளுள் ஊற்றிச் சுரைகளை இறுக்கினர். சுரைகள் அசையாது நின்றன. இதன்பின் தண்டொன்றில் வெடிப்புக் கண்டு, ஓவில் டேற்றன் சென்று புதிய உருக்குத் தண்டுகளைக் கொண்டுவந்தார். டிசம்பர் 17ஆம் நாள் அவ்விமானம் பன்னிரண்டு செக்கன் நேரம், நூற்றிருபது அடி தூரம் பறந்தது. உலகம் அப்பன்னிரண்டு செக்கன்களை நினைவிற் கொண்டுள்ளது. அதற்குச் சில வாரங்களின் முன் ஒரு சுரையை நிலைநிறுத்த அவர்கள் பட்ட பாட்டினை நினைப்பார் சிலரே. பறத்தல் என்னும் பெருங்கலையின் வாயிலில் முதன்முதல் எதிர்ப்பட்ட தடைகளுள் ஒன்று கழலும் சுரை என்பதனை நாம் மறத்தலாகாது.

அக்காலத்து இயந்திரங்கள் பல நீராற் குளிர்விக்கப்பட்டன. நீர் இயந்திரத்தைச் சுற்றி ஓடி, வெப்பத்தை ஏந்திச் சென்று, றேடியேற்றரிற் காற்றுக்குக் கொடுத்து மீளவேண்டும். இயந்திரம் ஓயாது அதிர்வது. றேடியேற்றரோ விமானத்தின் உடலோடு பொருத்தப்பட்டது. இவ்விரண்டையும் உலோகக் குழாயால் இணைத்தால் அது விரைவில் வெடித்துவிடும். ஆதலால் இடையிலே வளைந்து கொடுக்கும் இறப்பர்க் குழாய் இன்றியமையாததாயிற்று. உலோகக் குழாயின் முனையைச் சுற்றிச் சிறு வரம்பொன்றை எழுப்பி, அதன்மேல் இறப்பர்க் குழாயைச் செருகி, வரம்புக்கு அப்பாற் பட்டியால் இறுக்குவர். வரம்பு இல்லாவிடின் எத்துணை இறுக்கினாலும் அழுத்தம் குழாயைத் தள்ளிவிடும்.

குளிர்நீர் ஓட்டம் தடைப்பட்டால் விளைவது யாது என்பதை 1919ஆம் ஆண்டு உலகம் கண்டது. அத்திலாந்திக் சமுத்திரத்தை நிறுத்தமின்றிக் கடப்போருக்குப் பதினாயிரம் பவுண் பரிசு காத்திருந்தது. மே மாதம் 18ஆம் நாள் ஹரி ஹோக்கர் என்னும் விமானியும், மக்கென்சி கிறீவ் என்னும் கடற்படை அதிகாரியும் நியூபவுண்லாந்திலிருந்து புறப்பட்டனர். நடுக்கடலின்மேற் பறக்கையில் இயந்திரத்தின் நீர் கொதிக்கத் தொடங்கியது. நீர் செல்லும் வழியிலுள்ள வடியைக் கசடு அடைத்திருந்தது. நீர் ஆவியாகித் தீர்ந்துகொண்டேயிருந்தது. கப்பற் பாதையைத் தேடிச் சென்று, 'மேரி' என்னும் சிறு கப்பலொன்றைக் கண்டு, அதனருகே கடலில் இறங்கி உயிர்தப்பினர். அக்கப்பலிலே கம்பியில்லாத் தந்தி இல்லாமையால் ஏறக்குறைய ஒருவாரம் உலகம் அவர்களை இறந்தோராகவே எண்ணியது. கரை சேர்ந்தபின்னரே உண்மை வெளியாயிற்று. அடுத்த மாதம் அல்கொக், பிறவுண் என்னும் இருவர் அக்கடலைக் கடந்து பரிசைப் பெற்றனர். பெருங்கடலைத் தாண்டும் வல்லமையும், ஒரு வடியிலே தேங்கிய கசடும் ஒரே தராசிலே நிறுக்கப்பட்டன, கசடே கனத்தது.

குழாய்களை இறுக்கும் பட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்னர்க் கம்பியைப் பலமுறை சுற்றி முறுக்கியோ, காதுகள் வைத்த பட்டியை ஆணியும் சுரையும் கொண்டு இறுக்கியோ வந்தனர். பிரித்தானியக் கடற்படையில் அதிகாரியாயிருந்த லம்லி றொபின்சன் என்பார், பட்டியின்மேல் வரிசையாகக் கீறல்களிட்டு, அக்கீறல்களிலே திருகொன்றின் புரி பற்சில்லின் பற்கள்போற் பொருந்தும்படி அமைத்தார். திருகைத் திருப்பினாற் பட்டி சுருங்கும். இதற்கு 1921ஆம் ஆண்டு இலண்டனிற் காப்புரிமை வழங்கப்பட்டது. மோட்டார் வண்டிகளிலும் நீரிறைக்கும் இயந்திரங்களிலும் இன்று நாம் காணும் பட்டிகள் இவ்வமைப்பின் வழிவந்தவையே. திருகுசாவி ஒன்றே போதும். எவரும் எளிதில் இறுக்கலாம். விமானக் கம்மியர் அதனோடு அமையவில்லை. அதிர்விலும் வெப்பத்திலும் திருகு பின்னோக்கித் திரும்பாது என்பதற்கு என்ன உறுதி என்று வினவினர். துளையுள்ள திருகின் தலையிற் கம்பியைக் கோத்துக் கட்டும் வழக்கம் பட்டிகளுக்கும் வந்து சேர்ந்தது.

சிறு விமானங்களின் காலம் 1925இல் மலர்ந்தது எனலாம். அவ்வாண்டு பெப்ரவரியிலே டி ஹவிலண்டின் 'மொத்' விமானம் முதன்முறை பறந்தது. அதன் இயந்திரத்தை அமைத்த பிராங்க் ஹல்போட், போர்க்காலத்தில் மிஞ்சிய எட்டு உருளை இயந்திரத்தின் பாதியைக் கொண்டு நான்கு உருளை இயந்திரமொன்றை ஆக்கினார். அது காற்றாற் குளிர்விக்கப்படுவது. நீர்க்குழாய்களின் தொல்லை நீங்கிற்று. எண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் இணைப்புகள் இருந்தே தீரவேண்டும். பின்னர் அமெரிக்காவிற் பரவிய படுக்கைவாட்டு இயந்திரங்களுட் பலவற்றில், உருளைத் தலையிற் சேரும் எண்ணெய் சிறு குழாய்களின் வழியே அடிக்கலத்துக்குத் திரும்பும். அவ்வழியிற் சிற்றிறப்பர்க் குழாயொன்றும், அதனை இறுக்கும் பட்டிகளும் இருக்கும். அவற்றுக்கு அணித்தாகவே கொதிக்கும் புகைக்குழாய் செல்லும். ஒரு பட்டி தளர்ந்தால் எண்ணெய் புகைக்குழாயிற் சொட்டும். புகை எழுவதும் தீ மூளுவதும் அதன்பின் நேரத்தைப் பொறுத்தன. 1980களின் இறுதியிலே உருளைத் தலைகளை நீராற் குளிர்விக்கும் சிறு இயந்திரங்கள் மீண்டும் பெருவழக்காயின. நீரோடு குழாய்களும் பட்டிகளும் திரும்பி வந்தன.

மொத் விமானத்தின் புகழைக் கிழக்கே கொண்டுசென்றவருள் ஏமி ஜோன்சன் என்னும் பெண்மணியைக் குறிப்பிடல் வேண்டும். அவர் 1930 மே 5ஆம் நாள் இங்கிலாந்தின் குறொய்டனிலிருந்து தனியே புறப்பட்டு, மே 24ஆம் நாள் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடைந்தார். அவ்வழி ஏறக்குறையப் பதினோராயிரம் மைல். அவரைப் பறந்த பெண் என்றே பலர் போற்றுவர். அதற்கு முன்னர் 1929இலேயே அவர் விமானத் தரைப் பொறியியலாளருக்குரிய அனுமதிப் பத்திரத்தைப் பெற்றிருந்தார். பிரித்தானியப் பெண்களுள் அதனை முதலிற் பெற்றவர் அவரே. பகலெல்லாம் பறந்து களைத்து இறங்கிய பின்னர், மாலையிலே தம் கையாலேயே இயந்திரத்தைச் சோதித்துத் துப்புரவு செய்வார். அவர் கற்ற கல்வியில் விமானத்தைச் செலுத்துதல் ஒருபாதி. சுரையை இறுக்கிக் காத்தல் மறுபாதி.

இனி, அக்கம்பியைக் கட்டும் முறையைச் சிறிது கேளுங்கள். முதலிற் சுரையையோ திருகையோ உரிய அளவுக்கு இறுக்கவேண்டும். துளைகள் வசதியாக அமையவில்லை என்பதற்காக அளவுக்கு மீறி இறுக்குதலும், சற்றுத் தளர்த்திவிடுதலும் குற்றமாகும். பின் கம்பியைத் துளையிற் செலுத்தி, இரு முனைகளையும் கயிறு திரிப்பதுபோல் ஒன்றோடொன்று முறுக்கவேண்டும். அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு முறுக்கு அமைதல் நன்று. இவ்விரட்டைக் கம்பியை அடுத்த திருகின் துளையிற் கோத்து முடிக்கவேண்டும். கம்பி இழுக்கும் திசை இறுகும் திசையாயிருத்தல் தலையாய விதி. அவ்வாறு கட்டினால் ஒரு திருகு கழல முற்படும்போது மற்றதனை இறுகும் பக்கம் இழுக்கும். கழல நினைப்பவனைத் தோழன் தடுத்து நிறுத்துவது போன்றது இது. மறுபுறமாகக் கட்டினாலோ ஒன்று கழலும்போது மற்றதற்கும் கழல வழி திறந்துவிடும். கட்டப்பட்ட கம்பி பார்வைக்கு அழகாயிருக்கலாம். திசை பிழையாயின் பயன் இல்லை.

இறுதியிலே மிஞ்சும் முனையைக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை முறுக்கி விட்டு, உள்ளே வளைத்துவிடவேண்டும். ஏனெனில், அடுத்து அவ்விடத்திற் கைவைப்பவரின் விரலை அது கிழித்துவிடும். தான் காணாத ஒருவரின் கையைக் காக்கும் இவ்விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒருமுறை கழற்றிய கம்பியை மீண்டும் பயன்படுத்துதல் கூடாது. கீறல் விழுந்த கம்பியையும் எறிந்துவிடவேண்டும். ஆபத்து வேளையில் இழுக்க வேண்டிய பிடிகளுக்கு மட்டும் மெல்லிய செப்புக் கம்பி கட்டுவர். அஃது இழுத்தால் அறும். காவலிலும் அளவறிந்த காவல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் நேயர்களே, கம்பி கட்டியாயிற்று, இனிக் கவலையில்லை என்று எண்ணுதல் பெரும்பிழை. இறப்பர் நெடுநாள் அழுத்தத்தில் இருந்தால் நிலையாகப் பள்ளம் விழுந்து மெலிந்துவிடும். அப்பொழுது திருகு ஒரு மயிரிழையும் திரும்பியிராது. கம்பியும் கட்டியவாறே பளபளக்கும். ஆனாற் பட்டியின் பிடி தளர்ந்திருக்கும். கம்பி கூறும் சாட்சி ஒன்றே: திருகு திரும்பவில்லை என்பது. இணைப்பு இறுக்கமாக உள்ளதா என்பதைக் கையும் கண்ணும் மனமுமே சொல்லவேண்டும். ஆதலாற் குறித்த காலத்துக்கு ஒருமுறை கம்பியை வெட்டி, குழாயைச் சோதித்து, வேண்டுமாயின் மாற்றி, மீண்டும் புதுக்கம்பி கட்டுகின்றனர்.

மனிதன் மறந்ததை எக்கம்பியும் ஈடுசெய்யாது என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் போதும். 1983 மே 5ஆம் நாள் அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து மூன்று இயந்திரங்களைக் கொண்ட பெருவிமானமொன்று பஹாமாத் தீவுகளை நோக்கிப் புறப்பட்டது. அதில் 172 பேர் இருந்தனர். முதல்நாள் இரவு எண்ணெயிற் சேரும் உலோகத் துகள்களைக் காட்டும் கருவிகளை மாற்றியவர்கள், அவற்றுக்குரிய இறப்பர் வளையங்களை இடவில்லை. மூன்று இயந்திரங்களிலும் இதே தவறு நேர்ந்தது. எண்ணெய் ஒழுகிற்று. முதலில் ஓர் இயந்திரம் நிறுத்தப்பட்டது. ஏனைய இரண்டும் பின்னர் அணைந்தன. விமானம் கடலை நோக்கித் தாழ்ந்து வருகையில் முன்னர் நிறுத்திய இயந்திரம் மீண்டும் உயிர்பெற, அதன் துணையால் மயாமியில் இறங்கியது. ஒருவரும் இறக்கவில்லை.

1991 செப்ரெம்பர் 11ஆம் நாள் ரெக்சஸ் மாநிலத்திலே ஈகிள் லேக் என்னும் ஊருக்கு அருகில் நேர்ந்தது அவ்வாறு முடியவில்லை. முதல்நாள் இரவு ஒரு விமானத்தின் வாற்சிறகின் முன்விளிம்பிலிருந்து 47 திருகுகள் கழற்றப்பட்டன. வேலை முடியுமுன் முறை மாறிற்று. கழற்றியவை கழற்றப்பட்டன என்று உரிய ஏட்டிற் பதியப்படவில்லை. அடுத்து வந்தோர் அதனை அறியாமல் விமானத்தை அனுப்பினர். காலையிற் பறக்கையில் அம்முன்விளிம்பு பிய்ந்து போயிற்று. விமானத்திலிருந்த பதினால்வரும் மாண்டனர். அத்திருகுகளின் விலை மிக அற்பமானது. எழுதப்படாத ஒரு வரியின் விலையோ பதினான்கு உயிர்.

இத்தகைய படிப்பினைகளாலேயே, உயிருக்கு இன்றியமையாத வேலைகளைச் செய்தவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர் என்னும் முறை வற்புறுத்தப்பட்டது. ஒரே கை எல்லா இயந்திரங்களையும் ஒரே வேளையில் தீண்டுதல் ஆகாது என்னும் விதியும் நெடுங்கடல் கடக்கும் விமானங்களுக்கு ஏற்பட்டது. வேலை முடிந்ததும் ஏட்டிற் கையொப்பமிடவேண்டும். அக்கையொப்பமும் ஒருவகைக் காவற்கம்பியே. ஒருவர் செய்ததை மற்றவரின் பொறுப்போடு பிணைக்கிறது.

றைற் சகோதரரின் இயந்திரத்தைச் செய்த சாள்ஸ் ரெயிலரைப் பற்றி ஒரு சொல் கூறி முடிப்பேன். சகோதரர் இருவரும் உலகப் புகழ் பெற்றனர். ரெயிலரோ முதுமையில் வறுமையுற்று, 1955ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மருத்துவமனையொன்றின் தருமப் பிரிவிலே கிடந்தார். அவரை இன்னாரென்று அறிந்த பின்னரே விமானத் துறையினர் பொருள் திரட்டி அவரை நல்லதோரிடத்தில் வைத்துப் பேணினர். அடுத்த ஆண்டு அவர் காலமானார். இன்று அமெரிக்காவிலே ஐம்பதாண்டு தொழில் செய்த விமானக் கம்மியருக்கு அவர் பெயரால் விருது வழங்குகின்றனர். அவர் பிறந்த மே 24ஆம் நாள் அங்கு விமானக் கம்மியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஏமி ஜோன்சன் டார்வினிற் சென்று இறங்கியதும் ஒரு மே 24ஆம் நாளே என்பது இனிய பொருத்தம்.

1947 டிசம்பர் 10ஆம் நாள் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு எயர் சிலோனின் முதல் விமானம் பறந்தது. அதில் ஏறியோர் விமானியின் முகத்தைக் கண்டிருப்பர். விடியுமுன் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்த்து, கம்பியின் முனையை உள்ளே மடித்துவிட்டுச் சென்ற கையை யார் கண்டார்? பள்ளிக்கூடத்திலே பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும்போது நான் அக்கையை நினைப்பதுண்டு. அடுத்தமுறை உங்கள் தலைக்கு மேலே விமானமொன்று பறந்து செல்லும் ஒலி கேட்டால், அதனைச் செலுத்துபவரோடு அக்கைக்கு உரியவரையும் ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.